மான்குட்டி கேட்ட தண்டனை

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் கரடிக்குட்டி ஒன்று கோபத்தில் ஓங்கி அறைந்ததில் மான்குட்டியின் முன்னங்கால் முறிந்துவிட்டது. மறுநாள் காடே கூடியது.

"குட்டியென்று இரக்கப்பட்டால் நாளைக்குக் கொலையே செய்வான். புலி இருக்கிற அக்கரைக்கு விரட்டுங்கள்," என்றது நரி. கூட்டம் முழுக்க அதையே சொன்னது. தாய்மானுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அப்போது மான்குட்டி நொண்டிக்கொண்டே முன்னால் வந்தது.

"புலி இவனைத் தின்றுவிடும். எனக்கு அது வேண்டாம். என் கால் கூடும்வரை தினமும் இவன்தான் என்னைப் பள்ளிக்குச் சுமந்துபோக வேண்டும். எனக்கு எப்படி வலிக்கிறது என்று கூடவே இருந்து பார்க்கட்டும்."

கூட்டம் முணுமுணுத்தது. "பெற்றவள் நீ சொல், இதுவும் ஒரு தண்டனையா?" என்று நரி தாய்மானைக் கேட்டது.

தாய்மானின் ஆத்திரம் அடங்கியபாடில்லை. ஆனாலும் இத்தனை பேர் ஒரு பக்கம் நிற்க, தன் மகள் மூன்று கால்களில் தனியாக நின்று பேசியதைப் பார்த்து அதற்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அடிபட்டவள் அவள். அவள் சொன்னதுதான் என் பேச்சும்," என்றது.

மறுநாள் விடிந்ததும் கரடிக்குட்டி வந்து, தலைகுனிந்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. தாய்மான் மகளை அதன்மேல் ஏற்றிவிட்டது.

"மெதுவாக நட. அவளுக்கு வலிக்கும்," என்று மட்டும் சொன்னது. பிறகு வழியில் கண்டவர்களிடமெல்லாம், "முதுகில் போகிறாளே, அவள் என் மகள்," என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தது.