சீதேவிப்பிள்ளை மில்லில் தேய்ந்த ஷாப்ட்

“அந்தப் பழசத் தூக்கி எறி மகள். புதுசு ஒண்டு எடுப்பம்.”

சீதேவிப்பிள்ளை இதைச் சொன்ன சத்தத்தில், மில் வாசலில் நெல் மூட்டைகளோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது அரிசி மில்லைச் சுழற்றும் தேய்ந்த இரும்பு ஷாப்டையா, வீட்டை விட்டுப் போன மருமகனையா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. இரண்டைப் பற்றியும் அவர் இதே வார்த்தைகளைத்தான் சொல்லி வந்தார்.

கொக்கட்டிச்சோலையில் அந்த மில்லை நடத்துவது பேருக்கு மகள் பிரஷாந்தி. சாவிக்கொத்து, தராசு, கிறீஸ் டப்பா, வேலையாட்களின் தேநீருக்குப் போடும் சீனி எல்லாம் அம்மா சீதேவிப்பிள்ளையின் கைக்குள்தான்.

மருமகன் உதயரூபனுக்குச் சித்தாண்டியில் லேத் பட்டறை. தேய்ந்த இரும்புக்கு வெல்டிங்கால் சதை வைத்து, லேத்தில் கடைந்து, பழைய அளவுக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன். வில்லங்கம் என்னவென்றால், அந்தப் பழக்கத்தை அவன் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டான்.

எதையும் புதிதாக வாங்க விடமாட்டான். அவன் திருத்திய மின்விசிறி உழவு மெசின் மாதிரிச் சத்தம் போட்டது. பழைய பிரிட்ஜின் கதவுக்கு அவன் வாசல் கேற்றின் இரும்புப் பிணைச்சல் பூட்டிய அன்று, நான் வேணுமா இந்தப் பிரிட்ஜ் வேணுமா என்று பிரஷாந்தி கேட்டுவிட்டாள். பதில் சொல்லுமுன் அவன் கொஞ்சம் யோசித்ததுதான் பிழையாகப் போயிற்று. பின்னேரமே பிரிட்ஜை லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சித்தாண்டிக்குப் போய்விட்டான்.

அறுவடை தொடங்கியதும் மில் ஷாப்ட் தேய்ந்து ஆட ஆரம்பித்தது. கொழும்பில் விசாரித்தால், புதியது கப்பலில் வரவேண்டும், அதற்குள் போகம் முடிந்துவிடும் என்றார்கள். பிரஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சித்தாண்டிக்கு அனுப்பினாள். உதயரூபன் அதைக் கடைந்து எடுத்துவந்து, யாரோடும் பேசாமல் பூட்டிவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் மறுபடியும் தேய்ந்தது. மறுபடியும் வந்தான். இந்தத் தடவை ஒரு பிளேன்டீ குடித்தான்.

இன்றைக்கு மூன்றாம் தடவை. காத்திருந்தவர்களில் சிலர் மூட்டைகளை வேறு மில்லுக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அறுவடை நேரத்தில் போகிறவர்கள் பிறகு திரும்பி வருவதில்லை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே மானம் போகிறது என்று அம்மா கத்திக்கொண்டிருக்க, பிரஷாந்தி வெளியே போய்த் தானே போனில் அவனுக்குக் கோல் எடுத்தாள்.

உதயரூபன் வந்து, ஷாப்ட் உட்கார்ந்து சுழலும் புஷ்ஷைக் கழற்றினான். அதிலிருந்த கிறீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. மாமி அப்பால் போகும்வரை பார்த்திருந்து, விரலைப் பிரஷாந்தியிடம் நீட்டினான்.

“இது தானாத் தேயல்ல. ஆரோ மண் போட்டிருக்காங்க.”

பிரஷாந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். கடைசியாக அதைக் கழற்றிப் பூட்டியவன் அவன்தான். இங்கே வந்து போக ஒரு சாட்டு வேண்டி இந்த வேலை பார்த்திருக்கிறான். ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, யாரோ செய்ததுபோல் சொல்கிறான் என்று அவளுக்குப் பட்டது. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உதயரூபனுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. மில்லே நின்றாலும் பரவாயில்லை என்று, தன்னை வரவழைக்க இவள் இவ்வளவு தூரம் போயிருக்கிறாள்.

“ஆரெண்டு நான் கேக்கமாட்டன்,” என்றான்.

“நானும் கேக்கமாட்டன்,” என்றாள்.

பட்டறைக்குக் கொண்டுபோக அவன் ஷாப்டை லேண்ட்மாஸ்டரில் ஏற்ற, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள். பட்டறை மூலையில் அந்தப் பிரிட்ஜ் நின்றது. திறந்து பார்த்தாள். வெல்டிங் குச்சிக் கட்டுகளும், பாதித் தயிரோடு ஒரு மண்முட்டியும் மட்டும் இருந்தன. மனிசன் என்னத்தைச் சாப்பிட்டுச் சீவிக்கிறான் என்று நினைத்தபடி கதவை மூடினாள்.

அவன் வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, லேத்தில் கடைந்தான். கருகிக் கிடந்த இரும்பு சுருள் சுருளாகக் கழன்று, உள்ளேயிருந்து வெள்ளியாக வந்தது. அவள் தொடப் போனாள்.

“சுடும். கை வையாத.”

அவன் அவளிடம் இப்படி மெதுவாகப் பேசி எவ்வளவோ நாளாகிவிட்டது.

“வீட்ட வாங்க,” என்றாள்.

“மாமி?”

“அம்மா கத்துவா. அது பழகிட்டுத்தானே.”

பொழுது படுமுன் மில் ஓடியது. ஏற்றிய மூட்டைகள் திரும்ப இறங்கின. மறுநாள் உதயரூபனின் உடுப்புப் பையும் பிரிட்ஜும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. புதிய பிரிட்ஜ் வாங்குவோம் என்று அவன் சொல்ல, பழசே கிடக்கட்டும் என்று அவள் சொன்னாள். இந்த வீட்டில் தன் பேச்சை யார்தான் கேட்கிறார்கள் என்று சீதேவிப்பிள்ளை ஊர் கேட்கக் குறைப்பட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஷாப்ட் ஆடவே இல்லை. மண் போடுவதைத் தனக்காக அவன் நிறுத்திவிட்டான் என்று பிரஷாந்தியும், தனக்காக அவள் நிறுத்திவிட்டாள் என்று உதயரூபனும் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூவரும் சிவன் கோவிலுக்குப் போனார்கள். மகளும் மருமகனும் கோவில் வீதியைச் சுற்றிக் கும்பிடப் போனதும், சீதேவிப்பிள்ளை பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, சாமிக்கு முன்னால் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“மருமகன் வீட்ட வந்திட்டார். இனி மண் போடமாட்டன் அப்பனே.”