வொறன்ரி உள்ள பிஸ்டல்

நவரட்ணம் ரெலிபோனை அறைந்து வைத்தார்.

"பிஸ்டலுக்கு வொறன்ரி இருக்காம். ஆனா ரொறன்ரோவில அதைத் திருத்தத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லையாம். அமெரிக்காவுக்கு அனுப்பட்டாம். அப்ப இந்த வொறன்ரியை வச்சு ஊறுகாயே போடுறது?"

"கத்தாதேங்கோ, பிள்ளை படிக்கிறாள்," என்றாள் மனைவி யோகமலர்.

"கத்தாம? விட்பி வரைக்கும் கடை கடையா ஓடித் திரிஞ்சன். உள்ளுக்கு வெடிக்கப்பண்ணுற ஊசியைக் காணேல்லையாம், புதுசு வர ஒரு மாசமாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெடிக்கவேணும்!"

யோகமலர் குசினிக்குள் போனாள். மிளகாய்த்தூள் ரின்னிலிருந்து ஒரு சின்ன இரும்பு ஊசியை எடுத்து வந்து மேசையில் எறிந்தாள்.

"நான்தான் கழட்டினனான்."

"உனக்கென்ன விசரே? விளையாட்டுப் போட்டியில ஓட்டத்தை என்னெண்டு தொடங்குறது?"

"விசில் ஊதுங்கோ!" என்றாள் யோகமலர். "நீங்கள் முந்தியே கனடாவுக்கு வந்திட்டியள். ஊரில சண்டை நேரம் ஷெல்லடிக்குள்ள பிள்ளையோட கிடந்தது நான். போன வருசம் நீங்கள் வெடி வைக்க, மற்றப் பிள்ளையள் ஓடிச்சுதுகள். எங்கட துவாரகா குப்புறப் படுத்தாள். தடக்கி விழுந்திட்டாளெண்டு சனம் சிரிச்சுது."

ஊசியை எடுக்க நீண்ட அவருடைய கை பாதியில் நின்றது.

"நீங்களும் சிரிச்சியள்."