சங்கரவேலின் கைகள்

கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணமான நாளிலிருந்து ஊர் பேசுவதையெல்லாம் அவளுக்குக் கைகளால் சொல்லி வந்தவன் கணவன் சங்கரவேல்தான். அதனால் ஸ்கேன் அறைக்குள் அவனையும் விட்டார்கள்.

டாக்டரம்மா அவளுடைய மார்பில் கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். திரையில் பச்சையும் சிவப்புமாய் நிறங்கள் அசைந்தன. ஓரிடம் மட்டும் அடர்ந்த நீலமாக அப்படியே நின்றது.

"நீலமா தெரியுதுல்ல, அது கல்லு மாதிரி இறுகிப்போன கட்டி. அக்குள்லயும் நெறி கட்டியிருக்கு. சதை எடுத்துப் பார்த்துதான் உறுதியா சொல்லணும். ஆனா புற்றுநோய் மாதிரிதான் இருக்கு. அவங்ககிட்ட பக்குவமா சொல்லுங்க" என்றார்.

சங்கரவேல் கைகளைத் தூக்கினான். அந்த நோய்க்கு அவர்களுக்குள் சைகையே கிடையாது, இதுவரை தேவைப்பட்டதில்லை. சின்னக் கட்டி, மாத்திரை போட்டால் கரைந்துவிடும் என்று சொல்லப் போனான். கரைவதைக் காட்டப்போன விரல்கள் பாதியில் நின்றுவிட்டன.

கோமதி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு திரையிலிருந்த நீலத்தைக் காட்டி, முஷ்டியை இறுக்கி, தன் மார்பில் மெல்லத் தட்டிக் கேட்டாள். இல்லையென்று சொல்ல அவன் மறுபடியும் கைகளை உயர்த்தினான்.

அவள் எழுந்து உட்கார்ந்து, ஜெல் ஒட்டிய விரல்களால் அவனுடைய இரண்டு கைகளையும் பற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவன் தலையை மட்டும் அசைத்தான். கோமதி பிடியை விடவில்லை. அவனால் அதற்குமேல் ஒரு வார்த்தையும் அவளிடம் பேச முடியவில்லை.