பதினாறு துண்டுகள்

அக்கா சொந்தமாக வாங்கிய முதல் வீடு. சாயங்காலம் மாமா வேலையிலிருந்து திரும்புவதற்குள் படுக்கையறைச் சுவரில் அலங்கார மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாக ஒட்டி அவரை அசத்திவிட வேண்டுமென்று இருவரும் பம்பரமாய்ச் சுற்றினோம். அக்கா அறைக்குள் அளந்து எண்ணைச் சொல்லிக் கத்துவாள். நான் கூடத்தில் மரச்சட்டத்தை முனை சாய்த்து அறுப்பேன். மொத்தம் பதினாறு துண்டுகள். கடைசி நான்கில் இரண்டு மற்றவற்றைவிட மிக நீளம். எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோனேன்.

"மூணு கட்டத்துக்குப் பன்னெண்டுதானேடா சொன்னேன்?" என்றாள் அக்கா.

"நீதானே எண்பது இஞ்ச்ல ரெண்டு, முப்பத்தாறுல ரெண்டுன்னு கத்துன!"

"நானா? போடா, உனக்குக் காது போச்சு."

மூன்று கட்டங்களையும் ஒட்டினோம். மிச்சம் நான்கை வீணாக்க மனசில்லாமல், சுவரோரம் காலியாக இருந்த இடத்தில் ஒட்டிப் பார்த்தோம். தரையைத் தொட்டு அம்சமாக நின்றது. மூலைகளில் மயிரிழை இடைவெளிகூட இல்லை.

"டேய், சூப்பர்டா! கதவு மாதிரியே இருக்கு!" அக்கா கைதட்டிக் குதித்தாள். நான் விசிலடித்தேன். அது வெளிச்சுவர். அதற்கு அப்பால் ஆறு மாடி உயரத்துக்கு வெறும் காற்று.

அந்தச் சுவரிலிருந்து அக்காவின் குரல், அதே குதூகலத்தோடு, கத்தியது: "நாப்பது!"

அக்கா என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அந்தக் குரலுக்குப் பழகிப்போன என் கை, கட்டத்துக்குள் தரையிலிருந்து நாற்பது இஞ்ச் அளந்து பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டது.

கதவுக்குக் கைப்பிடி பொருத்துகிற உயரம்.