பத்திரமான இடம்

"சார், குப்பையை ஸ்ட்ராங் ரூமுக்குள்ள வைக்கவா சொல்றீங்க?"

"மெதுவாப் பேசும்மா, கஸ்டமர் காதுல விழப்போகுது."

சிவராமகிருஷ்ணன் வங்காளத்தில் ஒரு வங்கியின் பவானிபூர் கிளை மேலாளர். கேள்வி கேட்ட ஸ்னேகா அவருக்குக் கீழே உள்ள அதிகாரி.

"அங்கே பணம் இருக்கு சார்."

"பணம் ஒரு மூலைல இருக்கட்டும், குப்பை ஒரு மூலைல இருக்கட்டும். ரெண்டும் சண்டையா போடப்போகுது?"

மறுநாள் தூய்மை ஆய்வு. சால்ட் லேக் மண்டல அலுவலகத்திலிருந்து பாகீரதி மேடம் வருகிறார். டாக்குரியா கிளையில் மேஜைக்கு அடியில் ஒரே ஒரு டீ குடித்த மண் குவளையைப் பார்த்துவிட்டு, மெமோ நீட்டிய புண்ணியவதி. அவர் முகம் சுளித்தால் சிவராமகிருஷ்ணனின் புரமோஷன் அம்பேல்.

"வாசல்லயே பழைய பேப்பர்க்காரர் போறார் சார். கூப்பிட்டுக் கொடுத்துடலாமே?"

"கொடுத்தா சஸ்பென்ஷன். வச்சிருந்தா மெமோ. எது வேணும் உனக்கு?"

அவர் சொன்னதும் உண்மைதான். வாடிக்கையாளர் விவரம் உள்ள காகிதத்தை அப்படியே வெளியே போடக்கூடாது, துண்டு துண்டாக்கித்தான் போடவேண்டும். துண்டாக்கும் மெஷினோ ரிப்பேர். அந்த மெஷினைக் கழித்துக்கட்ட கமிட்டி அனுமதி வேண்டும். கமிட்டி கூடுவதாக இல்லை. செத்துப்போன கம்ப்யூட்டர்களை எடுத்துப் போகவேண்டிய கம்பெனி, "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சேர்ந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வேலை ஆரம்பித்தது. துப்புரவுத் தொழிலாளி நிமாய் ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து வந்தார். ஸ்ட்ராங் ரூம் வாசலில் மேலாளர் தன் அரைகுறை வங்காள மொழியில் அவரை நிறுத்தினார்.

"உள்ளே வராதே நிமாய். வெளியாள் நுழையக்கூடாது. ரூல்ஸ்!"

விதியை மீறக்கூடாது அல்லவா? அதனால் வாசலுக்கு அந்தப் பக்கம் மூட்டைகளை மேலாளரும் ஸ்னேகாவுமே இழுத்துப் போட்டார்கள். ஸ்னேகாவின் புதுச் சுடிதார் பாழ்.

மறுநாள் பாகீரதி வந்தார். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசி இல்லை. கழிவறைக் கதவைத் திறந்தார். பினாயில் மணத்தது. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி. இரண்டும் கல்யாணப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. அவற்றில் யாரும் எதையும் போட்டுவிடக் கூடாது என்பது மேலாளர் உத்தரவு. சாப்பிட்ட வாழைப்பழத்தின் தோல் ஸ்னேகாவின் கைப்பைக்குள் இருந்தது.

"எக்ஸலன்ட்!" என்றார் பாகீரதி. சிவராமகிருஷ்ணன் புரமோஷன் வாங்கிய முகத்தோடு குனிந்தார்.

"ஸ்ட்ராங் ரூமையும் பார்த்துடலாமே."

"அது... செக்யூரிட்டி ஏரியா மேடம்."

"எனக்கு அனுமதி இருக்கு. சுவர்ல ஈரம் இருக்கான்னு பாக்கணும். நோட்டுல பூஞ்சை பிடிச்சா யார் பதில் சொல்றது? திறங்க."

மேலாளர் ஒரு சாவியைத் திருகினார். ஸ்னேகா இன்னொன்றைத் திருகினாள். கனத்த கதவு விலகியது.

கதவில் சாய்ந்திருந்த மூட்டை ஒன்று பாகீரதியின் காலடியில் பொத்தென்று விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு கீபோர்டும் வந்து சேர்ந்தது.

மேலாளர் முந்திக்கொண்டார்.

"மேடம்... இது எங்க நிமாய் பண்ணின வேலை! எனக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னிக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திடறேன்!"

துடைப்பத்தோடு நின்றிருந்த நிமாய்க்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் மட்டும் காதில் விழவே, பாராட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று பெரிய கும்பிடாகப் போட்டார்.

பாகீரதி மேலாளரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு சாவி உங்க கைல. இன்னொண்ணு இந்தப் பொண்ணு கைல. நிமாய் என்ன, சுவரைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போனாரா?"

ஸ்னேகாவால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. "நிமாய் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல மேடம். நானும் சாரும்தான் உள்ளே இழுத்து வச்சோம். மெமோ கொடுக்கறதுன்னா எங்களுக்கே கொடுங்க."

"நீயாவது உண்மை பேசறே. நிமாயை யாரும் தொடக்கூடாது, புரியுதா? நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க. நான் சார்கிட்ட தனியாப் பேசணும்."

ஸ்னேகாவும் நிமாயும் நகர்ந்தார்கள். சிவராமகிருஷ்ணனுக்கோ, புரமோஷன் போகட்டும், வேலை மிஞ்சினாலே போதும் என்றிருந்தது.

பாகீரதி உள்ளே எட்டிப் பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் கண்ணால் அளந்தார்.

"என்ன சார் இப்படி வாரிப் போட்டு வச்சிருக்கீங்க? ஒழுங்கா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா, இன்னும் எவ்வளவோ மூட்டை வைக்கலாமே!"

மேலாளருக்குத் தலை சுற்றியது. "இன்னும் மூட்டையா? யாரோட மூட்டை மேடம்?"

பாகீரதி குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆபீஸோடதுதான். திங்கக்கிழமை மும்பைலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க சார், எல்லாத்தையும் வண்டியில ஏத்திக் கீழே நிறுத்தியிருக்கேன். காலைலேருந்து பார்த்த ஒரு கிளைலயும் இடமில்ல... எல்லா ஸ்ட்ராங் ரூமும் ஃபுல்!"