மத்தியானம் மட்டும் ஓவன்

"மேலே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து மாட்டிடறேன் பௌதி" என்று வசந்தியை வங்காளத்தில் அண்ணி முறை சொல்லிவிட்டு எலக்ட்ரிக் மிஸ்திரி மாடிப்படி ஏறியபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

கல்கத்தா பவானிபூரில் அந்தப் பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வசந்தியும் கணவன் பட்டாபியும் வாடகைக்கு இருந்தார்கள். மேலே வீட்டுக்காரர்கள், வயதான வங்காளித் தம்பதி. பட்டாபி வேலை பார்த்த ஹவுரா ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடிவிட்டார்கள். இனி வசந்தி கேக் செய்து விற்றுத்தான் வீடு ஓட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெரிய ஓவன்.

மிஸ்திரியோடு வீட்டுக்கார அம்மாள் சான்யால் மாஷிமாவே இறங்கி வந்தாள்.

"மாட்டிக்கோ. ஆனா மத்தியானம் மட்டும்தான் போடணும். காலையில கூடாது. விளக்கு வெச்ச அப்புறமும் கூடாது."

"ஏன் மாஷிமா? சாயங்காலம்தானே நிறைய ஆர்டர் வரும்..."

"வீடு என்னுது. இஷ்டம்னா மாட்டு, இல்லேன்னா விடு."

மிஸ்திரி பையைத் திறந்தான். மீட்டர் பெட்டியிலிருந்து சமையலறைக்குத் தடித்த வயர் இழுத்து, பெரிய பிளக் பாயின்ட் வைத்து, எர்த்தும் கொடுத்துவிட்டுப் போனான்.

"உங்களுக்கு வேலை போனது அந்தம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் இப்படிப் பண்றா பாருங்க" என்று பட்டாபியிடம் பொருமினாள் வசந்தி. "மே மாச வெயில்ல, உச்சி வேளையில, ஓவன் முன்னாடி நின்னு நானும் சேர்ந்து வேகணுமாம்!"

"போடவே கூடாதுன்னு சொல்லலையே. விடேன்."

"அதுக்கு நான் கும்பிடு போடணுமா?"

தினமும் அவள் ஓவனைப் போடும் நேரத்துக்குச் சரியாக, மேலே கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும். மாஷிமா கஞ்சி போட்ட புடவையில் முன்னால் இறங்குவாள். பின்னால் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக அவள் கணவர் மேஷோமஷாய். திரும்பி வர விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும்.

"நமக்குச் சட்டம் போட்டுட்டு இந்த வயசுல ஊர் சுத்தறதுகள்!"

ஒருநாள் நல்ல சாயங்கால ஆர்டர் ஒன்று கை நழுவியது. வசந்தி முடிவு செய்துவிட்டாள். வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். ஆனால் போவதற்கு முன் அந்தம்மாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் போவதில்லை.

மறுநாளே அதற்கு வாய்த்தது. பிறந்தநாள் கேக்கைக் கொண்டுபோக வேண்டிய ஆள் வரவில்லை. ஓவனில் வெந்துகொண்டிருந்த அடுத்த கேக்குக்குப் பட்டாபியைக் காவல் வைத்துவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஆட்டோவில் போனாள். பக்கத்து மாலில் இருந்த கடைக்குத்தான் கேக்.

உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. எஸ்கலேட்டருக்குப் பக்கத்து பெஞ்சில் அவர்கள் இருவரும்!

மேஷோமஷாய் குடைப்பிடியில் மோவாயை ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார். மாஷிமா செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாங்கின சாமான் என்று கையில் ஒரு பை கூட இல்லை.

வசந்தியைக் கண்டதும் அவசரமாகச் செருப்பைத் தேடினாள்.

"சும்மா... புடவை பார்க்கலாம்னு வந்தோம்."

"தினமுமா?" என்றாள் வசந்தி.

பேச்சுக் குரல் கேட்டு மேஷோமஷாய் விழித்துக்கொண்டார். வசந்தியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கேக் முடிஞ்சுதாம்மா? உன் ஓவனும் எங்க ஏசியும் சேர்ந்து ஓடினா மெயின் லைன் தாங்காதுன்னு மிஸ்திரி சொல்லிட்டான். ஏசி இல்லாம அந்த மாடியில இருந்தா இவளுக்கு மூச்சு முட்டும். அதான், வெயில் தாழற வரைக்கும் இங்கே..."

மாஷிமா முழங்கையால் இடித்தாள். அவர் அதைக் கவனிக்காமல் குடையை ஊன்றி எழுந்தார்.

"இப்ப வீட்டுக்குப் போகலாமா? இல்லே, இன்னும் ஏதாவது வெந்துட்டிருக்கா?"