இடுப்புக் கயிறு

நாரின் என்னும் மலை நகரத்தில் மதியத்திலேயே வெளிச்சம் மங்கிவிட்டது. தகரக் கூரையின் விளிம்பில் குப்புறப் படுத்து, கூரைத் தண்ணீர் வடியும் பீலியை அடைத்துக்கொண்டு உறைந்த பனிக்கட்டியைக் கோடரியின் முதுகால் தட்டுகிறாள் புருல்சா. அடிக்கு அடி பீலி முனகுகிறது, கட்டி அசையவில்லை. உருகிய தண்ணீர் வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் இறங்கி, நேற்றே குழந்தைகளின் மெத்தையை நனைத்துவிட்டது. அவள் இடுப்பில் கட்டிய கயிறு புகைபோக்கியைச் சுற்றிவந்து, கீழே நிற்கும் மாமனார் எசென்குலின் கையில் முடிகிறது. "மாஸ்கோவுல ஊரான் கூரைப் பனியெல்லாம் தள்ளினாரு உங்க மகன். சொந்தக் கூரைக்கு நான்தான்," என்கிறாள். கிழவர் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறார். அங்கே எட்டு மாடிக் கூரையிலிருந்து விழுந்து இறந்த அந்த மகனின் சாமான்களோடு போன மாதம் வந்த கயிறு அது.

"தாங்குமா மாமா?"

கயிற்றின் நுனியில் இன்னும் கிழியாமல் ஒட்டியிருக்கும் கடை விலைச்சீட்டைப் பார்த்தபடி சொல்கிறார்: "தாங்கும்மா. அவன் இத ஒரு நாளும் கட்டிக்கிட்டதில்ல."